வெற்றிலையில் குளிர்ந்த புகைமீன்: சுகர் உள்ள விருந்தாளிக்கும் சேர்த்து ஒரு தட்டு

மதுரையில் விருந்து என்றால் மாவுச்சத்துதான் முன்னால் வந்து உட்காரும். பரோட்டா, கறி தோசை, பிரியாணி, கடைசியில் ஜிகர்தண்டா. எல்லாமே அருமையான சாப்பாடு. ஆனால் இப்போது எந்த வீட்டு விருந்திலும் "எனக்குச் சுகர் இருக்கு, கொஞ்சமா வைங்க" என்று சொல்பவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்று அது கணக்கிட்டது. நம் வீட்டுக்கு வருபவர்களில் அவர்கள் இல்லாமல் இருக்க வழியே இல்லை.

அவர்களுக்கென்று இரண்டு சப்பாத்தியைத் தனியாகச் சுட்டு வைத்துவிட்டு நாம் மனம் திருப்தி அடைந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. மேஜையில் எல்லோரும் முதலில் கை நீட்டுகிற பதார்த்தமே அவர்களும் தயங்காமல் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மீன்.

செய்முறை சுருக்கமாக இதுதான். முள் குறைந்த மீனை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இரும்புச் சட்டியில் தேங்காய்ச் சிரட்டைப் புகையில் வேகவைக்கிறோம். உதிர்த்து, வடிகட்டிய கட்டித்தயிரும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ராத்திரி முழுக்கக் குளிர வைக்கிறோம். மறுநாள் சோழவந்தான் வெற்றிலைக் கொழுந்தில் ஒவ்வொரு கரண்டியாக வைத்துக் கொடுக்கிறோம். விருந்தன்று அடுப்பு வேலை ஏறக்குறைய இல்லை. மே மாத வெயிலில் அடுப்படியில் நின்று வேகாமல் வந்தவர்களோடு உட்கார்ந்து பேச முடிகிறது என்பதே பெரிய லாபம்.

புகை போட்ட மீன் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் வீடுகளில் சம்பலுக்குப் பயன்படும் மாசி புகை போட்ட மீன்தான். மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைத்து அதைச் செய்கிறார்கள். அது மாதக்கணக்கில் கெடாது. ஆனால் நாம் செய்யப்போவது ஈரமும் மென்மையும் உள்ள மீன். புகை இதற்கு வாசனை தருமே தவிர காவல் தராது. ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான் இதன் ஆயுள். புதிதாகச் செய்பவர்கள் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டியது இதைத்தான்.

மீன் வாங்குவது

மதுரைக்குக் கடல் இல்லை. ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்தும் மண்டபம், தூத்துக்குடி பக்கமிருந்தும் மீன் ஐஸ் பெட்டியில் வருகிறது. வழியில் அந்த ஐஸ் எந்த அளவுக்கு இருந்தது என்பதுதான் நம் பதார்த்தத்தின் தலையெழுத்து.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். சூரை, அயிலை, வஞ்சிரம் போன்ற மீன்கள் பிடிபட்ட பிறகு வெப்பத்தில் கிடந்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. ஒரு தடவை உண்டாகிவிட்டால் வேகவைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நன்றாகவே இருக்கக்கூடும். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். நாம் "மீன் ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுவோம். ஒத்துக்கொள்ளாமல் போனது மீன் கிடந்த வெப்பம். விருந்தாளிக்கு இது நடக்கக் கூடாது என்றால், ஐஸில் புதைந்து கிடக்கும் மீனை மட்டும் எடுங்கள். தட்டில் பரப்பி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து விற்கும் மீன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதற்கு வேண்டாம்.

செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்து சற்றுப் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே எழும்ப வேண்டும். முழு மீனாகப் பார்த்து, கண் முன்னால் வெட்டச் சொல்வது நல்லது. வஞ்சிரம் முதல் தேர்வு, ஏனென்றால் முள் பெரியது, சதை அடுக்கடுக்காக உதிரும். விலை கையைக் கடித்தால் பாறை மீன் நன்றாகவே வரும். சூரை மலிவு, புகைக்கு ரொம்பவும் பொருத்தம். ஆனால் மேலே சொன்ன ஆபத்து அதில்தான் கூடுதல். மீன்காரர் நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் சூரை வாங்கலாம்.

கரிமேட்டிலோ நெல்பேட்டையிலோ உங்கள் தெருமுனைக் கடையிலோ வாங்கும்போது வெட்டுகிறவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வறுவலுக்கு இல்ல. கனமா, ரெண்டு செண்டிமீட்டருக்குக் குறையாம போடுங்க. தோல் இருக்கட்டும்." வறுவல் துண்டு மெல்லிசாக இருக்கும். புகையில் அது வறண்டு சக்கையாகிவிடும். தோல் இருந்தால் துண்டு சிதையாது, பிறகு உரிப்பதும் சுலபம்.

கையோடு ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் எடுத்துப் போங்கள். மீன் வாங்குவது அன்றையக் கடைசி வேலையாக இருக்கட்டும். மீனை வண்டியில் மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்கும் பூக்கடைக்கும் அலைய வேண்டாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தம் வீட்டில் தங்கியிருக்கும் நாட்களும் அதே நாட்கள்தான். அந்தச் சமயத்தில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும். நான் அப்போது விரால் பக்கம் போய்விடுவேன். முள் குறைவு, சதை உறுதி, உயிரோடு வாங்கலாம், ஐஸ் கவலையே இல்லை. கொழுப்பு குறைந்த மீன் என்பதால் கலவையில் வெண்ணெயை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். கட்லா, ரோகு எல்லாம் இதற்கு வேண்டாம். பொடி முள்ளைப் பொறுக்கியே பொழுது போய்விடும்.

பத்துப் பேருக்கு என்னென்ன

வெட்டிச் சுத்தம் செய்த துண்டுகள் முக்கால் கிலோ. இதில் முள்ளும் தோலும் போக அரைக் கிலோ சுமாருக்குத் தேறும். முழுப் பாலில் தோய்த்த, புளிக்காத தயிர் அரைக் கிலோ. உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம். சின்ன வெங்காயம் எட்டு, பச்சை மிளகாய் இரண்டு, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, எலுமிச்சை இரண்டு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் கொத்தமல்லி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, நல்லெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். பரிமாற வெற்றிலைக் கொழுந்தும் வெள்ளரிப் பிஞ்சும்.

மீனில் மாவுச்சத்து கிடையாது. வெண்ணெயில் இல்லை என்றே சொல்லலாம். தயிரை வடிகட்டும்போது அதிலுள்ள பால் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது தயிரில் தங்கியதும், வெங்காயத்திலும் எலுமிச்சையிலும் வெள்ளரியிலும் உள்ள சிறிதளவும்தான். பத்துப் பங்காகப் பிரித்தால் ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள் நிற்கும். கெட்டியாக வரவேண்டும் என்று ரொட்டித்தூள், உருளைக்கிழங்கு, சோளமாவு சேர்க்கும் செய்முறைகளும் உண்டு. இங்கே அதற்கு அவசியமே இல்லை. குளிரில் வெண்ணெய் இறுகிக் கலவையைத் தாங்கிக்கொள்ளும்.

முதல் நாள் காலை

தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். ஐந்தாறு மணி நேரம் போதும். வெளியே தொங்கவிட்டால் மதுரைச் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும். புளித்த தயிர் புகையின் மணத்தை அமுக்கிவிடும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்துக்கோ குழம்புக்கோ சேர்க்கலாம்.

ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 60 கிராம் கல் உப்பைக் கரைத்து மீனைப் போடுங்கள். இதுவும் ஃப்ரிட்ஜில்தான், 40 நிமிடம். உப்பு உள்ளே இறங்கி, சதையை இறுக்கி, வேகும்போது தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளும். நம் வழக்கப்படி மஞ்சள் தேய்க்கக் கை துடிக்கும். இன்றைக்கு வேண்டாம். மஞ்சள் இருந்தால் புகை ஏறிய நிறம் கண்ணுக்குத் தெரியாது. புகை போதுமான அளவு பிடித்ததா என்று அந்த நிறத்தை வைத்துத்தான் பார்க்கப்போகிறோம்.

அடுத்து வருவது, பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் வேலை. மீனை எடுத்து ஒரு தடவை தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மூடாமல் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டக் கூடாது, ஆனால் விரல் லேசாகப் பிசுபிசுவென்று ஒட்டிப் பிரிய வேண்டும். மேல்பரப்பு மங்கலாக இல்லாமல் மெழுகு தடவியதுபோல மினுங்கும். அந்தப் பிசுபிசுப்பில்தான் புகை உட்காரும். மேலே தண்ணீர் நிற்கும் மீனில் புகை போட்டால் புகையின் தார் அந்த நீரில் கரைந்து கறுப்பு முத்து முத்தாக நிற்கும், கசக்கும். நேரமில்லை என்றால் ஃபேனுக்கு நேரே அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வெளியே வேண்டாம்.

புகை போடுவது

கனமான இரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, உள்ளே வைக்க ஓட்டைத் தட்டு, அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு. இவ்வளவு போதும். இடியாப்பத் தட்டு அளவாக இருக்கும். நான்ஸ்டிக் சட்டி கூடவே கூடாது, அந்தப் பூச்சு இந்தச் சூட்டைத் தாங்காது. சட்டியின் அடியில் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டால் கழுவும் வேலை குறையும்.

புகைக்குச் சிரட்டைதான் என் தேர்வு. நாரை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தியலால் நகம் அளவுக்கு உடைத்து ஒரு கைப்பிடி. நார் இருந்தால் கண்ணைக் கரிக்கும் காட்டமான புகை வரும். அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் தேயிலை. டஸ்ட் டீ சட்டென்று கருகிவிடும், இலையாக உள்ளது நல்லது. மாங்கட்டை, கொய்யாக் கட்டை கிடைத்தால் செதுக்கிப் போடலாம். பைன் மரப் பெட்டி, பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை எதையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அவற்றிலுள்ள பிசினும் பசையும் சாயமும் மீனில் ஏறும்.

சீமைக் கருவேலம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் கண்மாய்க்கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் அந்த மரம், அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மாட்டிறைச்சிக்குப் புகை போடும் மெஸ்கிட் மரத்தின் இனம்தான். அதனால் போடலாம். ஆனால் அதன் புகை காட்டம். ஆட்டுத் தொடைக்கு அது சரி, மீனின் மென்மையான ருசியை அது விழுங்கிவிடும். ஆசைப்பட்டால், நன்கு காய்ந்து பட்டை உரித்த சிறு துண்டு ஒன்றைச் சிரட்டையோடு சேர்த்துப் பாருங்கள்.

வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்வது உத்தமம். சின்ன கேஸ் அடுப்பு இருந்தால் மேலே தூக்கிப் போய்விடலாம். அடுப்படியில்தான் செய்ய வேண்டும் என்றால் ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும், புகைப்போக்கி ஓடட்டும். மூடிய அறைக்குள் புகை போடுவது உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மாடியைத் தவிர வேறு இடம் வேண்டாம். துணி காயப்போட்டிருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சிரட்டையும் தேயிலையும் அடியில். அதன் மேல் ஸ்டாண்டு. அதன் மேல் எண்ணெய் தடவிய ஓட்டைத் தட்டில் மீன், தோல் கீழே பார்க்க. துண்டுகளுக்கிடையே விரல் நுழையும் இடம் இருக்கட்டும். மூடிபோடாமல் பெரிய தீயில் வைத்து, முதல் புகை எழும்பியதும் மூடி, விளிம்பில் இடைவெளி இருந்தால் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். துணியின் நுனி தீப்பக்கம் தொங்கக் கூடாது. இப்போது தீயைக் குறையுங்கள்.

இனி மூடியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய, நீலம் கலந்த புகை நூலாகக் கசிந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. கெட்டியாக வெள்ளை வெளேரென்றோ மஞ்சளாகவோ புகை தள்ளிக்கொண்டு வந்தால் சிரட்டை எரியாமல் புழுங்குகிறது, அல்லது அளவு அதிகம். அந்தப் புகைதான் தொண்டையில் நிற்கும் கசப்பைத் தருகிறது. அடுப்பை அணைத்து, மூடியை ஒரு நிமிடம் திறந்து வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். உள்ளே தீ பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போட்டு அடுப்பை அணைத்தால் தானே அடங்கிவிடும்.

இரண்டு செண்டிமீட்டர் துண்டுக்குச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம், அணைத்த பிறகு மூடியபடியே பத்து நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுச்சதையில் குத்திப் பாருங்கள், 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கனமான துண்டை முள்ளோரம் பிளந்து பாருங்கள். கண்ணாடி போன்ற பளபளப்பு எங்கும் இல்லாமல், சதை வெளுத்து, முள்ளை விட்டுத் தானாக விலக வேண்டும். மேலே தேன் நிறம் வந்துவிட்டது, உள்ளே மட்டும் வேகவில்லை என்றால் மேலும் புகை போட வேண்டாம். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். புகைக்கு ஒரு அளவு உண்டு, வேக்காட்டை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்.

ஆறவைப்பதில் சோம்பல் கூடாது. அகலமான தட்டில் பரப்பி, கைபொறுக்கும் சூடு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்துவிட்டு மறந்துபோய், ராத்திரி எடுத்து உள்ளே வைப்பதெல்லாம் இந்த ஊர் வெப்பத்துக்கு ஆகாது.

கலவை

மீன் ஆறியதும் தோலை உரித்து, கையால் உதிர்த்து, முள் பாருங்கள். ஒரு தடவை கண்ணால், இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால். குளிர்ந்த கலவையில் வாய்க்குள் வரும் ஒரு முள் அந்த விருந்தையே கெடுத்துவிடும். பெரியவர்களும் குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்பதால் மூன்றாவது தடவையும் பார்த்தால் தப்பில்லை. வஞ்சிரத்தில் நடுவே ஓடும் கருஞ்சிவப்புச் சதையை எடுத்துவிடுங்கள், அதன் வாடை ஆறிய பிறகு தூக்கலாகத் தெரியும்.

உதிர்த்த மீனில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், இளகிய வெண்ணெயோடும் கட்டித்தயிரோடும் மிக்சியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி மசியுங்கள். நீளமாக ஓட்டினால் வெண்ணெய் பிரிந்துவிடும். மீதி இரண்டு பங்கை அதில் கரண்டியால் மெதுவாகக் கலந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் அரைத்துவிட்டால் என்ன மீன் என்றே தெரியாத களிம்பு கிடைக்கும். உதிரியாகவே விட்டால் வெற்றிலையில் நிற்காமல் கொட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கடிக்கக் கிடைக்கும் சதைதான் இந்தப் பதார்த்தத்தின் அழகு.

சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசிறி ஐந்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அப்படியே போட்டால் மறுநாளைக்குள் தண்ணீர் விட்டு, பச்சை வாடையும் ஏறிவிடும். மிளகாய், இஞ்சி, மிளகு, கொத்தமல்லி, ஒன்றரை எலுமிச்சையின் சாறு சேர்த்துப் பிசைந்து ருசி பாருங்கள். மீனில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். அதே சமயம் குளிர்ந்தவுடன் உப்பும் புளிப்பும் நாக்கில் மந்தமாகத்தான் தெரியும். ஆகவே இப்போது சரியாக இருப்பதற்கு ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தால் நாளைக்குச் சரியாக இருக்கும். ஒரு சின்ன உருண்டையை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்து ருசி பார்த்தால் சந்தேகமே இருக்காது.

எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி நிரப்பி, காற்றுப் போகாமல் மூடுங்கள். இல்லாவிட்டால் காலையில் காபிக்கு எடுக்கும் பாலிலும் புகை மணக்கும். நான்கு மணி நேரம் குறைந்தபட்சம், ராத்திரி முழுக்க இருந்தால் புகை எல்லா இடமும் சமமாகப் பரவிவிடும். செய்த அன்று தூக்கலாகத் தெரிந்த புகை மறுநாள் பதமாக அடங்கியிருக்கும். ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பக்கம் வைக்காமல் உள்தட்டில் பின்னால் வைப்பது நல்லது.

விருந்தன்று

வெற்றிலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மதுரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வைகைப் பாசனத்தில் சோழவந்தான் இருக்கிறது. அங்கே விளையும் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் "கொழுந்தா, சின்னதா, ரொம்பக் காரமில்லாம" என்று கேட்டு வாங்குங்கள். முற்றிய இலை நார் தட்டும், காரமும் மீனை மீறிவிடும். இலையை ஒவ்வொன்றாகக் கழுவி, காம்பு கிள்ளி, நடுநரம்பைப் பின்பக்கம் லேசாகச் சீவிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுண்ணாம்பு, பாக்கு எதுவும் கிடையாது, வெறும் இலைதான். வெண்ணெயும் தயிரும் சேர்ந்த கொழுப்பான கலவையை அந்த இலையின் விறுவிறுப்பு அறுத்து, அடுத்த வாய்க்குத் தயார் செய்துவிடுகிறது. ரொட்டியோ பிஸ்கட்டோ இந்த வேலையைச் செய்யாது. அதனால்தான் மாவுச்சத்து வேண்டாதவர்கள் இல்லாத விருந்திலும் நான் இதை வெற்றிலையில்தான் கொடுக்கிறேன்.

வெற்றிலைக்குப் பழகாதவர்களுக்கு வெள்ளரிப் பிஞ்சைக் கனமான வட்டமாக நறுக்கிக் கொடுக்கலாம். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் நறுக்க வேண்டும், உப்புத் தூவக் கூடாது. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே ஒரு கரண்டி வைத்தாலும் நன்றாக இருக்கும். அப்பளம் பக்கத்தில் வந்தால் கை அதற்குத்தான் போகும். அதனால் இந்தத் தட்டின் பக்கத்தில் அது வேண்டாம்.

மேலே தூவ, கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, நொறுக்கி, அந்த எண்ணெயோடு சேர்த்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் வெள்ளையாக உறைந்து பொட்டுப் பொட்டாக நிற்கும். நல்லெண்ணெய்தான் இதற்குச் சரி. மேஜையில் மல்லிகைச் சரம் வைக்கும் வழக்கம் இருந்தால் அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். நம் மல்லியின் மணத்துக்கு முன்னால் சிரட்டைப் புகையின் வாசம் எடுபடாது.

பெரிய தாம்பாளத்தில் ஐஸை நொறுக்கிப் பரப்பி, அதன் மேல் கிண்ணத்தைப் பதித்து வையுங்கள். கடையில் பாளமாக வாங்கும் ஐஸ் பாத்திரத்துக்கு அடியில் மட்டும்தான், உணவில் படக் கூடாது. மொத்தத்தையும் வெளியே எடுக்காமல் பாதி பாதியாக எடுங்கள். குளிரவைத்த உணவை வெளியே வைக்கும் பொதுக் கணக்கு இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மதுரையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். கிண்ணம் காலியாகவில்லை என்று அதன் மேலேயே புதிதாகக் கொட்டாமல், அடுத்ததை வேறு கிண்ணத்தில் கொண்டுவாருங்கள்.

யாருக்கு என்ன என்பதை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் குளிர்ந்த புகைமீன் கொடுக்க வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது, கர்ப்ப காலத்தில் அது பெரும் தீங்கு செய்யும். வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களுக்கென்று சில துண்டுகளைக் கலக்காமல் எடுத்துவைத்து, தோசைக் கல்லில் ஆவி பறக்கச் சுடவைத்துக் கொடுங்கள், அதுவும் ருசிதான். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களிடம் இதில் உப்பு கூடுதல் என்று சொல்லிவிடுங்கள்.

சுகர் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு வந்தவர், "மாவே வேண்டாம்" என்று இந்த மீனை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் என்று தெரியும். விருந்துக்கு அழைக்கும்போதே, "சித்தப்பா, அன்னிக்கு முதல்ல வர்றது மீன்தான், சோறு கொஞ்சம் பிந்தும், மாத்திரையை அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் அவர் தன் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருவார். எதற்கும் மெயின் சாப்பாட்டை ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்.

மிச்சம் என்று பார்த்தால், மேஜைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆனதை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத பாதி இரண்டு நாளைக்குத் தாங்கும். மறுநாள் காலை வெண்ணெயில் முட்டையை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் இந்தக் கலவையில் இரண்டு கரண்டி சேர்த்துக் கிளறினால் முட்டைப் பொடிமாசுக்குப் புகை மணம் வந்துவிடும். உப்பு மட்டும் தனியாகப் போட வேண்டாம்.